மூணு, மூணு ஏ, அஞ்சு

— ஏழு பேர் சரி பார்த்த புத்தகம், சீதாலெட்சுமிம்மா. ஏழு பேர். கடைசிப் பக்கத்துல பேரு, பட்டம், போட்டோ எல்லாம் போட்டிருக்கு. உங்க மக ஒருத்திக்கு மட்டும் வேற விடை வந்துச்சுன்னா, தப்பு புத்தகத்துலயா இருக்கும்?

— பார்த்தாங்க சரி, திருச்செல்வம் அண்ணே. அந்த ஏழுல ஒருத்தராச்சும் கணக்கைப் போட்டாங்களா?

— விஷயம் என்னன்னா, நீங்க கேரி தீவுல பஸ் புடிச்சு, கிள்ளான்ல கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் இந்த வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல ஒரு மைலோ ஐஸ் குடிங்க. கீழ கடையில சொல்லி எடுத்துட்டு வரச் சொல்றேன்.

— மைலோ இருக்கட்டும். இப்ப மணி மூணே முக்கால். கல்வி நிதி ஆபீசை அஞ்சு மணிக்குச் சாத்திடுவாங்க. அப்பீல் பண்ண இன்னிக்குத்தான் கடைசி. புத்தகம் போட்டவங்களே 'எங்க விடை தப்பு'ன்னு கம்பெனி முத்திரை, சாப், அடிச்சுக் கடிதம் குடுத்தாத்தான் பேப்பரைத் திறப்போம்னு சொல்லிட்டாங்க. ஈமெயில் கூடாதாம், கையிலதான் குடுக்கணுமாம். ரெண்டு தெரு தள்ளி, நான் நடந்தே போயிடுவேன். நீங்க எழுதிக் குடுங்க, போதும்.

— எழுதுறது பெரிய விஷயமா? நாலு வரி. ஆனா பாருங்க, அந்த உபகாரச் சம்பளத் தேர்வுக்குக் கேள்வி மொத்தமும் நம்ம புத்தகத்துல இருந்துதான் எடுத்தாங்க. 'பிசிக்ஸ் பயமே வேணாம்'. எட்டாயிரம் காப்பி, சுங்கை பூலோவுல இருந்து கிள்ளான் வரைக்கும் போயிருக்கு. சனிக்கிழமை பரிசளிப்பு விழா, மேடையில என் பேரு பேனர்ல இருக்கு. இப்ப நானே போய் 142-ஆம் பக்கம் தப்புன்னா, மிச்சம் முந்நூறு பக்கத்தை எவன் நம்புவான்?

— மிச்சப் பக்கத்தை நான் கேட்கல அண்ணே. மொத்தம் பத்து சீட்டு. பத்தாவதா வந்த ஆளுக்கு 80 மார்க்கு. என் மக மலருக்கு 79. இந்த ஒரு கேள்விக்கு மூணு மார்க்கு. அவ சரியா எழுதியிருக்கா, சுழிச்சுட்டாங்க. அது திரும்ப வந்தா 82. அவ பிசிக்ஸ் படிக்கப் போவா. வரலைன்னா எங்க செம்பனை எண்ணெய் மில்லுலயே ஏதாச்சும் வேலைக்குப் போவா. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்.

— புரியுது, புரியுது. நானும் பிள்ளை பெத்தவன்தான் லா.

— அப்ப அந்த ஏழு பேரு யாருன்னு சொல்லுங்க. எந்த ஆளு இந்தக் கணக்கைப் பார்த்தாரோ அவருகிட்டயே கேட்போம்.

— சொல்றேன். புத்தகத்தை எழுதினது பரமேஸ்வரன் சார். டியூஷன்ல பெரிய ஆளு. அவருதான் முதல் கையெழுத்து. 'நான் எழுதினதை நானே பார்க்கக்கூடாது, கண்ணு தப்பை விட்டுடும், அடுத்தவர் பார்த்துக்குவாரு'ன்னு சொல்லிட்டுப் போட்டாரு.

— நல்ல பேச்சு. அடுத்தவரு?

— அடுத்தவரு அவருகிட்ட படிச்சவரு. 'சார் எழுதினதுல நான் போய்க் கையை வைக்கிறதா, மரியாதையா இருக்காது'ன்னு போட்டாரு. மூணாவது ஆளு, ஏற்கெனவே ரெண்டு கையெழுத்து இருக்கேன்னு போட்டாரு.

— ம்.

— நாலாவது ஆளு தமிழாசிரியர். அவரு ரொம்பக் கடுமை. எலக்ட்ரானா மின்னணுவான்னு ஒரு மாசம் சண்டை போட்டாரு. முன்னுரையில மட்டும் பதினாலு ஒற்றுப்பிழை புடிச்சாரு. எண்ணு இருக்கிற பக்கத்தை எல்லாம் தள்ளிட்டுப் போயிட்டாரு. அஞ்சும் ஆறும் கணவன் மனைவி. ஒருத்தர் போட்டா இன்னொருத்தர் போடாம இருக்க முடியுமா?

— ஏழு?

— டாக்டர் சுகுமாறன். அவருதான் தலைமை. சும்மா சொல்லக்கூடாது, மூணு தடவை ப்ரூஃபைத் திருப்பி அனுப்பினாரு.

— கணக்கு தப்புன்னா?

— பேருக்கு முன்னால 'டாக்டர்' விட்டுப் போச்சுன்னு.

— மூணு தடவையுமா?

— ரெண்டாவது தடவை 'டாக்டர்' சின்ன எழுத்துல இருந்துச்சு. மூணாவது தடவை போட்டோ பழசு. முடி அதிகமா இருக்கு, ஜனங்களுக்கு அடையாளம் தெரியாதுன்னாரு.

— சரி. அப்ப யாருமே போடாத கணக்கை இப்ப நாம போட்டுப் பார்ப்போம். 142-ஐத் திருப்புங்க.

— எனக்குக் கண்ணாடி வீட்டுல...

— சட்டைப் பையில இருக்கு அண்ணே.

— ஓ. ஆமா.

— படிங்க. 'ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரான் நான்காம் சக்தி நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு விழுகிறது. அப்போது நீலப்பச்சை ஒளி வெளிப்படுகிறது. வெளிப்படும் சக்தி எத்தனை எலக்ட்ரான் வோல்ட்?' உங்க விடை 2.86. என் மக விடை 2.55.

— பக்கத்துல பக்கத்துலதான இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல 2.70-ன்னு வச்சுக்கலாமா? உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்.

— பாசார்ல மீனா வாங்குறோம்?

— இல்லம்மா, சொல்ல வந்தது என்னன்னா, எலக்ட்ரான் எத்தனூண்டு சாமான். அதுக்குள்ள இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்...

— இருங்க, நான் முடிக்கல. நான் மில்லுல எடை போடுற ரூம்ல இருக்கேன். செம்பனைக் குலையை ஏத்திக்கிட்டு லோரி உள்ள வரும், அது ஒரு எடை. கொட்டிட்டுக் காலியா வெளிய போகும், அது ஒரு எடை. ரெண்டையும் கழிச்சா குலை எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். பதினெட்டு வருஷமா அதான் என் வேலை. மலர் எனக்கு இந்தக் கணக்கை அப்படித்தான் சொல்லிக் குடுத்தா. எலக்ட்ரான் ஒவ்வொரு நிலையிலயும் ஒரு அளவு ஆழத்துல கிடக்கும். ரெண்டாவது நிலையில 3.40 ஆழம். நாலாவது நிலையில 0.85 ஆழம். அங்கேருந்து இங்க விழுந்தா, இதுல அதைக் கழிக்கணும். அவ்வளவுதான். 3.40-ல 0.85 போனா எவ்வளவு?

— மைனஸ் எல்லாம் போட்டிருக்கே. மைனசும் மைனசும் சேர்ந்தா பிளஸ்னு படிச்ச ஞாபகம்.

— கால்குலேட்டரை எடுங்க.

— எடுக்கிறேன். 3.40... கழித்தல்... 0.85... 2.55.

— என் மக எழுதினது?

— 2.55.

— இந்தாங்க பேனா.

— அவசரப்படாதீங்கம்மா. நாலாவது நிலை 0.85-ன்னு நீங்க சொல்றீங்க. புத்தகம் என்ன சொல்லுது? இந்தப் படத்தைப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, 3A, அஞ்சு. 0.85 எதுக்கு நேரா இருக்கு? 3A-க்கு நேரா. நாலுன்னு ஒண்ணு படத்துலயே இல்லையே. இல்லாத நிலைக்கு உங்க மக எப்படி விடை எழுதினா?

— அதைத்தான் நான் கேட்க வந்தேன். அது என்ன அண்ணே 3A?

— அது... சயின்ஸ்ல ஏதாச்சும் இருக்கும் லா. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒண்ணு கண்டுபுடிச்சிருப்பாங்க. இப்பல்லாம் தினம் தினம் கண்டுபுடிக்கிறாங்க.

— நடுவுல இருந்தா அப்புறம் நாலு எங்க?

— போன் போட்டுக் கேட்டுடுவோம். டாக்டர் சுகுமாறன்கிட்டயே கேட்டுடுவோம். நீங்களும் இருங்க, உங்க முன்னாலயே கேட்கிறேன். ஹலோ, டாக்டர், வணக்கம், திருச்செல்வம். இல்ல இல்ல, சனிக்கிழமை உங்களுக்கு முதல் வரிசைதான். ஆமா, மாலை இருக்கு. டாக்டர், 142-ஆம் பக்கத்துல ஒரு சந்தேகம்... உங்க பேரு இல்ல டாக்டர், உங்க பேரு சரியாத்தான் இருக்கு. கணக்கு. எலக்ட்ரான் கணக்கு. 3A-ன்னு ஒரு நிலை... ஆங்? அப்படியா. சரி. சரி டாக்டர். இல்ல, நான் யாருகிட்டயும் சொல்லல.

— என்ன சொன்னாரு?

— அவரு டாக்டர் பட்டம் வாங்கினது மேலாண்மையிலயாம்.

— பிசிக்ஸ்ல இல்ல.

— ஊழியர்களை எப்படி ஊக்கப்படுத்துறதுன்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. எனக்கே இப்பத்தான் தெரியும். அலாமாக்.

— சரி, அவரை விடுங்க. நான் இந்த ஆபீசுக்கு எப்படி வந்தேன்னு சொல்லட்டுமா? கீழ காவலுக்கு இருக்கிற அண்ணன்கிட்ட கேட்டேன். 'திருச்செல்வம் ஆபீசா, நாலாவது மாடி'ன்னாரு. லிஃப்ட்ல ஏறினேன். நாலைத் தேடினா நாலு இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு, 3A, அஞ்சு. 3A-ஐ அமுக்கினேன், வந்துட்டேன்.

— ஆமா, இந்தக் கட்டடத்துல நாலு கிடையாது. சீனவங்க நாலுன்னா வாங்க மாட்டாங்க, சாவு நம்பர்னு. அதனால கட்டும்போதே 3A-ன்னு போட்டுடுவாங்க. கோலாலம்பூர்ல பாதிக் கட்டடம் அப்படித்தான்...

— சொல்லுங்க.

— அப்படித்தான்...

— இந்தப் படத்தை வரைஞ்சது யாரு அண்ணே?

— குரு.

— குருன்னா?

— செந்தூல்ல இருக்காரு. கண்டோமினியம் விளம்பரம் வரையிறவரு. எந்த மாடியில எத்தனை ரூம், எவ்வளவு சதுர அடின்னு படம் போடுவாரு. பதினஞ்சு வருஷமா அதான் தொழில். நம்ம புத்தகத்துக்கு மலிவா செஞ்சு குடுத்தாரு. கீழ இருந்து மேல வரைக்கும் கோடு கோடா இருந்திருக்கும். கை பழக்கத்துல நாலை 3A-ன்னு மாத்தியிருப்பாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாதும்மா. நாலுன்னு போட்டா அவங்க முதலாளி திட்டுவாரு.

— எலக்ட்ரானுக்கு வீடு விக்கிறதுக்குப் படம் போட்டிருக்காரு.

— சிரிக்காதீங்கம்மா.

— சிரிக்கல அண்ணே. எனக்கு அழுகைதான் வருது. சரி, படம் அப்படி. விடை எப்படி 2.86 ஆச்சு?

— விடைப் பக்கத்துக்குப் பரமேஸ்வரன் சார் தனியா பணம் கேட்டாரு. கட்டாதுன்னு, ஆபீஸ்ல இருக்கிற விஷ்ணுப்ரியாவையே போடச் சொன்னேன். கெட்டிக்காரி, ஆனா படிச்சது விருந்தோம்பல் துறை. கேள்வியில நாலுன்னு இருக்கு. படத்துல நாலு இல்ல. பக்கத்துல அஞ்சு இருக்கு. அதை எடுத்திருப்பா. அஞ்சுக்கு நேரா 0.54. இதோ பாருங்க, 3.40-ல 0.54 கழிச்சா...

— எவ்வளவு வருது?

— 2.86.

— கண்டுபுடிச்சிட்டீங்க. நான் நாலாவது மாடின்னு கேட்டு வந்தவ, அஞ்சை அமுக்கியிருந்தா எங்க போயிருப்பேன்?

— பல் டாக்டர் கிளினிக்.

— என் மகளும் அஞ்சை அமுக்கல. நாலை நாலால பெருக்கினா பதினாறு, முதல் நிலையோட ஆழம் 13.6-ஐப் பதினாறால வகுத்தா 0.85, அப்ப 3A-ன்னு போட்டிருக்கிறதுதான் நாலுன்னு அவளே தேடி எடுத்திருக்கா. அதோட கேள்வியிலயே நீலப்பச்சை வெளிச்சம்னு இருக்கு. 2.86-ன்னா ஊதாவாத்தான் வரும்னு சொன்னா.

— கலரைப் பத்திப் பேசாதீங்க. உள்பக்கம் பூரா கறுப்பு வெள்ளை அச்சு. கலர்னா காகிதமே வேற போடணும்.

— அண்ணே.

— சரி, சரி. தப்புதான். போதுமா? இந்த நாலு சுவத்துக்குள்ள சொல்றேன், தப்புதான். அடுத்த பதிப்புல திருத்திடுறேன். முன்னுரையில உங்க மகளுக்கு நன்றி போடுறேன், போட்டோவோட. அதோட ஒரு வேலை, இந்த ஆபீஸ்லயே. சரிபார்ப்பாளர். எட்டாவது பேரா போடுறேன்.

— அடுத்த பதிப்பு எப்ப?

— எட்டாயிரமும் தீர்ந்த பிறகு.

— அவளுக்கு வேலை வேணாம் அண்ணே. அவ பேரும் புத்தகத்துல வர வேணாம். நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்னு உங்களுக்கு இன்னும் விளங்கல. லிஸ்ட் வந்த அன்னிக்கு அவ அழல. 'புத்தகம் தப்பும்மா'ன்னு சிரிச்சா. ரெண்டாவது நாள் திரும்பப் போட்டுப் பார்த்தா. மூணாவது நாளும் போட்டா. நேத்து வந்து என்ன சொல்றா தெரியுமா? 'ஏழு பேர் பார்த்திருக்காங்கம்மா, அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது. நான்தான் எங்கயோ தப்பு விட்டிருக்கேன்.' சொல்லிட்டு அந்த நோட்டை எடுத்துப் பழைய பேப்பரோட போட்டுட்டா. சீட்டு போனா போகட்டும்னு கூட ஒரு நிமிஷம் நினைச்சேன். ஆனா சரியாப் போட்ட பிள்ளை, தான் தப்புன்னு நம்பிக்கிட்டு இருக்கு. அதை என்னால பார்த்துக்கிட்டு உட்கார முடியல.

— அழாதீங்கம்மா. இந்தாங்க, டிஷ்யூ.

— டிஷ்யூ வேணாம். கடிதம்.

— சரி. டைப் அடிக்கிறேன். 'பிசிக்ஸ் பயமே வேணாம், பக்கம் 142... சரியான விடை 2.55 என்பதை இதன்வழி உறுதிப்படுத்துகிறோம்.' இருங்க, பிரிண்டர் கொஞ்சம் மெதுவா வரும்.

— மணி நாலே கால்.

— வந்திடுச்சு. இதோ கடிதம்.

— கையெழுத்துப் போட்டு சாப்பை அடிங்க.

— ம்.

— என்ன அண்ணே? பேனாவைக் கையில வச்சுக்கிட்டு யோசிக்கிறீங்க.

— விஷயம் என்னன்னா... இதை நான் குடுத்தா பேப்பரை எல்லாம் திரும்பத் திருத்துவாங்க. 2.86 எழுதினவங்களுக்கு மூணு மார்க்கு போயிடும்.

— தப்பு விடைதான, போகட்டும்.

— அந்தப் பத்தாவது ஆளை நினைச்சுப் பார்த்தீங்களா? பத்தாவது சீட்டு. அது வாங்கினது 80. மூணு போனா 77. வெளிய. புத்தகத்தை நம்பிப் படிச்சது அது செஞ்ச பாவமா? அஞ்சு மாசம் டிவி பார்க்கல. பிறந்த நாள் கேக்கை வெட்டிட்டு, ஒரு துண்டை வாயில போட்டுக்கிட்டே போய்ப் படிக்க உட்கார்ந்துச்சு.

— பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்க.

— பார்த்தேன். எங்க வீட்டு ஹால்லதான்.

— லிஸ்ட்ல வெறும் நம்பர்தான் இருந்துச்சு.

— நம்பர்தான். கமிட்டியில கூட கேட்டாங்க, 'உங்க பிள்ளை எழுதலாமா, நீங்கதானே புத்தகம் போட்டவரு'ன்னு. பேரு இல்ல, நம்பர்தானன்னு நான்தான் சொன்னேன். என் மக வாணி. ஒரே பொண்ணு. அவ அம்மா போன பிறகு எனக்கு அவ, அவளுக்கு நான். இன்னிக்கு நாலரைக்கு வர்றா, சனிக்கிழமை விழாவுக்குச் சேலை எடுக்க. நான் எப்படிம்மா இதுல கையெழுத்துப் போடுவேன்?

— இவ்வளவு நேரம் எட்டாயிரம் காப்பி, பேனர்னு கதை சொன்னீங்களே.

— எட்டாயிரமும் ஒரு பயம்தான். ஆனா அதுக்காக இவ்வளவு வாயாட மாட்டேன். கோவமா?

— கோவம்தான். முதல்லயே சொல்லியிருந்தா அரை மணி நேரம் மிச்சம். ஆனா உங்க நிலைமையில நான் இருந்தாலும் இப்படித்தான் இழுத்தடிச்சிருப்பேன். அதையும் சொல்லிடுறேன்.

— இப்ப சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?

— எனக்கு எப்படித் தெரியும்? என் மகளுக்குச் சேர வேண்டியதை நான் கேட்கிறேன். உங்க மகளோடதை நான் கேட்கல. ரெண்டும் ஒண்ணா இருக்குன்னா, அது நான் செஞ்ச ஏற்பாடு இல்லையே.

— ஒண்ணு செய்வோமா? வாணி வரட்டும். அவ சும்மா கிளிப்பிள்ளை மாதிரி எழுதுற பொண்ணு இல்ல. எந்தக் கணக்கா இருந்தாலும் தானே போட்டுப் பார்ப்பா. அவளுக்கும் தானா 2.86 வந்திருந்தா, இதுல ரெண்டு விதமா போட இடம் இருக்குன்னு அர்த்தம். நான் சாப் அடிக்க மாட்டேன், நீங்களும் வற்புறுத்தக் கூடாது. புத்தகத்துல இருந்ததால எழுதினேன்னு சொன்னா, அந்த நிமிஷமே அடிச்சுக் குடுத்துடுறேன். பிள்ளை மேல சத்தியம்.

— பிள்ளை மேல சத்தியம் எல்லாம் வேணாம். ஒரே குலைக்கு ரெண்டு எடை வராது அண்ணே. ஆனா சரி. கேட்போம்.

— உங்களுக்குப் பயமா இல்லையா? அவ என் மக.

— பயமாத்தான் இருக்கு. வேற வழி வச்சிருக்கீங்களா?

— அதோ, வந்துட்டா. வாம்மா வாணி. உட்காரு.

— பார்க்கிங்கே இல்லப்பா, கோயில் பக்கம் போட்டுட்டு நடந்து வந்தேன். அஞ்சு மணிக்குள்ள எடுத்துடணும், இல்லைன்னா சம்மன் வச்சிடுவான். வணக்கம் ஆன்டி. இவங்க யாருப்பா?

— கேரி தீவுல இருந்து வந்திருக்காங்க. இவங்க மகளும் உன்னோட அந்தத் தேர்வு எழுதினவ. மலர்னு பேரு. விஷயம் என்னன்னா... எலக்ட்ரான் கேள்வி ஒண்ணு வந்துச்சில்ல, நாலுல இருந்து ரெண்டு. நீ என்ன எழுதின?

— 2.86.

— பார்த்தீங்களா? 2.86.

— இருங்க அண்ணே. அவளை முழுசாக் கேளுங்க. பாப்பா, நான் சொல்றதைக் கேளு. நீ என்ன சொன்னாலும் எனக்கு உன் மேல வருத்தம் கிடையாது. உங்க அப்பா ஒரு கடிதத்துல கையெழுத்துப் போடணும். புத்தகத்துல அந்த விடை தப்புன்னு. போட்டா என் மகளுக்கு சீட்டு கிடைக்கும்.

— எனக்கு?

— உனக்குப் போயிடும்மா. அதை மறைச்சு உன்கிட்ட கேட்கிறது நியாயம் இல்ல. அதான் சொல்லிட்டேன்.

— அப்பா, இது நிஜமா?

— நிஜம்தான். ஆனா நீ ஒண்ணும் பயப்படாதே. அவங்க கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த 2.86, நீ உன் மூளையால போட்டு வந்த விடையா? நீ தானா போட்டதுதானே? எனக்குத் தெரியும், நீ எதையும் போட்டுப் பார்க்காம எழுத மாட்ட. ஆமான்னு சொல்லு, முடிஞ்சுது, நாம சேலை எடுக்கப் போகலாம். கடிதத்தைக் கிழிச்சிடுறேன்.

— போட்டுப் பார்த்தேன்ப்பா.

— சொன்னேன் பார்த்தீங்களா சீதாலெட்சுமிம்மா? போட்டுப் பார்த்திருக்கா.

— எத்தனை வந்துச்சு பாப்பா?

— நல்லா யோசிச்சுச் சொல்லு வாணி. உன் சீட்டு.

— 2.55 தான் வந்துச்சு. மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் அதேதான். விடைத்தாள்ல எழுதிக் கூட முடிச்சிட்டேன்ப்பா. அப்புறம் உங்க புத்தகத்துல 2.86-ன்னு பார்த்தது ஞாபகம் வந்துச்சு. எங்க அப்பா தப்பா அச்சடிக்க மாட்டாருன்னு, அதை அடிச்சிட்டு இதை எழுதினேன்.